என்கிரிப்ஷன்: குறியாக்கம் அன்று, மறையாக்கம்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு சரக்குக் கிடங்கின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் கணக்கெல்லாம் ஐபிஎம்மின் நடுத்தர வகைக் கணினியில் இருக்கிறது. 1988இல் ஏஎஸ்/400 என்ற பெயரில் வந்த குடும்பம் அது. அதிலிருந்து இரவுதோறும் வங்கிக்கு ஒரு கோப்பு போகும். கோப்பு அனுப்பும் பழைய முறையான எஃப்டிபியை விட்டு, பூட்டி அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு மாறிய முதல் இரவு, உடன் வேலை செய்யும் தம்பி தொலைபேசியில் அழைத்தான்: "அண்ணா, கோப்பு போய்விட்டது. ஆனால் குறியாக்கத்தில் கோளாறு என்கிறார்கள்."

பூட்டில்தான் பழுது என்று எண்ணிப் பொதுச்சாவி, தனிச்சாவி எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் சோதித்தேன். பிறகுதான் அவன் அனுப்பிய திரைப்பிடிப்பைப் பார்த்தேன். பெயருக்கும் தொகைக்கும் நடுவே வெற்றிடம் இருக்கவேண்டிய இடமெல்லாம் @@@@@@ என்று நிரம்பியிருந்தது. ஏஎஸ்/400 எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் எப்சிடிக் முறையில் வெற்றிடத்துக்குப் பதினறும (ஹெக்ஸாடெசிமல்) எண் 40. மற்ற கணினிகளில் பரவலான ஆஸ்கி முறையில் அதே 40தான் '@'. எஃப்டிபி உரைக்கோப்பை ஆஸ்கிக்கு மாற்றி அனுப்பிவந்தது; எஸ்எஃப்டிபி உள்ளதை உள்ளபடியே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. பூட்டு சரியாகவே இருந்தது.

எழுத்துக்கு எண் கொடுப்பது என்கோடிங். பிறர் படிக்க முடியாமல் செய்வது என்கிரிப்ஷன். தமிழில் இரண்டையும் பலர் குறியாக்கம் என்றே எழுதுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. கோடு என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் லத்தீனின் கோடெக்ஸ்: முதலில் மரத்தண்டு, பின்பு எழுதும் பலகை, பின்பு சட்டத் தொகுப்பு. அதில் ஒளிவு எதுவும் இல்லை. என்கிரிப்ஷனின் வேரோ 'மறைந்த' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் கிரிப்டோஸ்.

அதற்கு நேரான சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சொல்லும் கயவரை அறையப்படும் பறைக்கு ஒப்பிடுகிறது 1076ஆம் குறள். மறை என்றால் அங்கே ரகசியம். பழைய எஃப்டிபி செய்வதும் அதுதான்: கடவுச்சொல்லைக்கூடத் திறந்தபடி அனுப்பும்; வழியில் கேட்பவர் எவரும் படித்துவிடலாம். ஆகவே என்கிரிப்ஷனுக்கு மறையாக்கம், அதை அவிழ்ப்பதற்கு மறைநீக்கம். குறியாக்கம் என்கோடிங்குக்கு மட்டும் இருக்கட்டும்.

இந்த வேறுபாடு கையில் இருந்தால் கோப்பு அனுப்பும் வழிகளை ஒப்பிடுவதும் எளிது. எஃப்டிபிக்கே பூட்டுப் போட்ட எஃப்டிபிஎஸ், மறையாக்கத்தோடு பழைய எழுத்து மாற்றத்தையும் செய்யும். ஆனால் தீச்சுவரில் (ஃபயர்வால்) கூடுதல் துறைகளை (போர்ட்) திறக்கவேண்டும். எஸ்எஃப்டிபிக்கு 22ஆம் துறை ஒன்றே போதும். குறியாக்கத்தை நாமே முன்கூட்டி முடிக்கவேண்டும். கோப்பையே பிஜிபி என்ற மறையாக்க மென்பொருளால் மூடி அனுப்பினால், போய்ச் சேர்ந்த பிறகும் அது மூடியே இருக்கும்.

நாங்கள் எஸ்எஃப்டிபியிலேயே நின்றோம். எங்கள் வேலைக் குறிப்பேட்டில் இப்போது இரண்டு வரிகள் தனித்தனியாக இருக்கின்றன. குறியாக்கம்: யூடிஎஃப்-8 எழுத்துமுறைக்கு மாற்றி நகலெடு. மறையாக்கம்: வங்கியின் சாவியைச் சரிபார்த்து அனுப்பு.