தண்ணீர் குடிக்காத சித்தி

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் என் சித்திக்கு வருஷத்தில் இரண்டு முறையாவது நீர்க்கடுப்பு வந்துவிடும். போன தடவை மாத்திரை எழுதிக் கொடுத்தவர், "தண்ணி குடிங்கன்னு டிவியில தினமும் சொல்றாங்களே, கேக்க மாட்டீங்களா?" என்று திட்டியும் அனுப்பினார். "தப்பு என் மேலதான்" என்று வீட்டுக்கு வந்தும் சித்தி முனகிக்கொண்டே இருந்தார்.

அறிவுரை சரிதான். குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் சிறுநீர்ப் பாதையில் மேலேறுவதால் வரும் தொற்று இது. பெண்களுக்கு அந்தப் பாதை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். அடிக்கடி சிறுநீர் போனால் கிருமிகள் அடித்துச் செல்லப்படும், அடக்கினால் பெருகும். அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பெண்கள் தினமும் 1.5 லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது தொற்று ஏறக்குறைய பாதியானதை 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

சரி, சித்தி ஏன் குடிப்பதில்லை? காலையில் காட்டுக்குள் இறங்கினால் (தேயிலைத் தோட்டத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள்) மத்தியானம் எடை போடும்வரை கழிப்பறை கிடையாது. செடியோ இடுப்பளவு. மேட்டில் மேஸ்திரி நிற்பார். பாட்டிலில் கொண்டுபோன தண்ணீரில் இரண்டு மடக்கு குறைந்திருந்தால் அதிகம். கழிப்பறை வசதியான இடத்தில் இருக்க வேண்டும் என்று 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது.

டிவியில் வருவதெல்லாம் "குடியுங்கள், நடங்கள், உப்பைக் குறையுங்கள்". செய்ய வேண்டியது யார் என்பது அந்த '-ங்கள்' விகுதியிலேயே முடிவாகிவிடுகிறது. கழிப்பறை கட்ட வேண்டியவர் வாக்கியத்துக்குள்ளேயே வரவில்லை. வாக்கியத்தில் வராத ஆளை யார் திட்டுவார்கள்?

அரசியல் அறிவியலாளர் ஷாண்டோ ஐயங்கார் டிவி செய்திகளை வைத்து இதைச் சோதித்து, 1991-இல் முடிவுகளை வெளியிட்டார். வறுமையை ஒரு குடும்பத்தின் கதையாகக் காட்டினால், பார்ப்பவர்கள் அந்தக் குடும்பத்தையே பொறுப்பாக்கப் பார்க்கிறார்கள். நாடு முழுவதுமான நிலவரமாகக் காட்டினால் கேள்வி அரசின் பக்கம் திரும்புகிறது. நம் ஆரோக்கிய நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் முதல் வகைதான்.

அயோடின் குறைவால் கழுத்து வீங்கும் முன்கழுத்துக் கழலை விஷயத்தில் வேறு வழியில் போனார்கள். மழை மண்ணின் அயோடினை அரித்துக்கொண்டு போகும் மலைப்பகுதிகளில் அது அதிகம். அயோடின் உள்ளதைத் தேடிச் சாப்பிடுங்கள் என்று சொல்வதோடு விடாமல், உப்பிலேயே கலக்க வைத்தார்கள். 2006-இல் அயோடின் இல்லாத சாப்பாட்டு உப்பு விற்பனைக்கு நாடு முழுவதும் தடையும் வந்தது. சித்தி வீட்டு டப்பாவில் இருப்பதும் அந்த உப்புதான். அயோடின் சாப்பிடவில்லை என்று அவரை இதுவரை யாரும் திட்டியதில்லை.