பியூஸ் போச்சுன்னா கம்பிய சுத்தாதீங்க: வீட்டு எஸ்பிரஸ்ஸோ மிஷின் ரிப்பேர் பண்றவன் சொல்றது

போன மாசம் ஒரு அக்கா கட்டைப்பையில வச்சு ஒரு எஸ்பிரஸ்ஸோ மிஷின் (சூடு தண்ணிய பிரஷர்ல காபித்தூளுக்குள்ள தள்ளி டிகாஷன் எறக்கறது) கொண்டு வந்தாங்க. ஏற்கெனவே ஒருக்கா ரிப்பேர் பண்ணதுங்க தம்பி, நாலு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு, இப்ப கருகுன வாசம் வருதுன்னாங்க. மூடிய கழட்டுனா உள்ள தெர்மல் பியூஸ், அதாவது சூடு அளவு மீறுனா கரண்ட்ட வெட்டி விடற சின்ன பாகம், இருக்க வேண்டிய எடத்துல ஒரு செப்புக் கம்பிய முறுக்கி மேல கருப்பு டேப் சுத்தி வச்சிருக்கு, பக்கத்துல போன வயரோட தோல் உருகி, தண்ணி சூடாகற பாய்லர் மேல ஒட்டிக் கெடக்கு, பிளாஸ்டிக் மூடி உள்பக்கம் பழுப்பேறி வளைஞ்சு போச்சு. இன்னும் ஒரு வாரம் ஓட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு அவங்ககிட்ட சொல்லல, போட்டோ எடுத்து மட்டும் காட்டுனேன்.

நான் கோயம்புத்தூர்ல மிக்சி, கிரைண்டர்ல ஆரம்பிச்சவன், காபி மிஷின் பக்கம் வந்தது அப்புறம்தான். வர்ற மிஷின்ல பாதிக்கு மேல உண்மையில செத்த மிஷினே கெடையாதுங்க. ஒண்ணு தண்ணி கெடுத்தது, இல்லேன்னா எனக்கு முன்னாடி யாரோ கை வச்சது.

மொதல்ல அந்த பியூஸ் கதைய முடிச்சிடறேன். சின்ன பாய்லர் மிஷின்ல தெர்மோஸ்டாட்னு, சூடு போதுமானதும் ஹீட்டர நிறுத்தற ஸ்விட்ச் ரெண்டு இருக்கும், ஒண்ணு காபிக்கு, இன்னொண்ணு ஸ்டீமுக்கு. காபிக்கு கிட்டத்தட்ட 100 டிகிரி பக்கம் கட் ஆகும், ஸ்டீமுக்கு அத விட நல்லா மேல, மாடலுக்கு மாடல் மாறும். இந்த ரெண்டும் வேலை செய்யாம போச்சுன்னா கடைசி காவல்காரன்தான் தெர்மல் பியூஸ், ஒரு தடவை போச்சுன்னா போச்சு, திரும்ப சேராது. லைட் எரியும், பம்ப் சத்தம் வரும், தண்ணி மட்டும் சில்லுனு வரும், அப்ப மொத சந்தேகம் அது மேலதான். ஆனா பியூஸ் சும்மா போகாதுங்க. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிட்டு ஹீட்டர் நிக்காம ஓடியிருக்கும், இல்ல டேங்க்ல தண்ணி இல்லாம ஸ்டீம் ஸ்விட்ச்சைப் போட்டுட்டு சீரியல் பாக்கப் போயிருப்பாங்க. அந்தக் காரணத்தக் கண்டுபிடிக்காம புது பியூஸ் போட்டாலே தப்பு, கம்பி சுத்தறது அத விடப் பெரிய தப்பு. புதுசு போடறப்ப பழசுல போட்டிருக்கிற அதே டிகிரி இருக்கணும், அதையும் கிரிம்ப் பண்ணித்தான், அதாவது உலோகக் குழாய்க்குள்ள வயர விட்டு நசுக்கித்தான் போடணும், சால்டரிங் வச்சா அந்தச் சூட்டுலயே பியூஸ் போயிடும். பொருளுக்கு என்னமோ சின்ன காசுதான், அதுக்குப் போய் கம்பி சுத்தறாங்கன்னா என்னத்த சொல்ல.

இதே புத்திதான் எர்த் விஷயத்துலயும். மிஷினப் போட்டா வீட்டுல இ.எல்.சி.பி, அதான் கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற மெயின் ஸ்விட்ச், ட்ரிப் ஆகுதுன்னு ஒரு அண்ணா வந்தாரு, எலக்ட்ரீசியன் வந்து பிளக்ல எர்த்த எடுத்து விட்டாராம், இப்ப ட்ரிப் ஆகலையாம், சந்தோஷமா சொல்றாரு. ஹீட்டர் எலிமெண்ட்ல ஓட்டை விழுந்து கரண்ட் மிஷின் பாடிக்குக் கசியுது, அதக் கண்டுபிடிச்சுதான் அந்த ஸ்விட்ச் விழுந்துச்சு, வீட்டுக்குப் போடறது பெரும்பாலும் 30 மில்லி ஆம்ப் கசிஞ்சாலே விழற மாதிரிதான் இருக்கும். எர்த்த எடுத்துட்டா கசியுறது நிக்காதுங்க, ஸ்டீல் பாடியில தேங்கி நிக்கும், ஈரக் கையோட தொடறவங்க வழியாத்தான் எறங்கும். ஹீட்டர மாத்திக் குடுத்தேன், பிளக்கையும் மாத்திக் குடுத்தேன்.

அடுத்தது தண்ணி. இங்க சிறுவாணி வர்ற வீட்டு மிஷினத் தொறந்தா உள்ள சுத்தமா இருக்கும், நாலஞ்சு வருஷ மிஷினா இருந்தாலும். அதே மாடல் போர் தண்ணி ஊத்துற வீட்டுல இருந்து வந்தா ஒரே வருஷத்துல பாய்லர் உள்ள சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி இருக்கு. குடிதண்ணிக்கு இந்தியத் தர அளவுல கடினத்தன்மை (தண்ணியில கரைஞ்சிருக்கற சுண்ணாம்பு மாதிரி உப்பு) லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேற வழியே இல்லேன்னா 600 வரைக்கும் போகலாம்னு இருக்கு, ஆனா அது மனுசன் குடிக்கறதுக்கு, பென்சில் மொனை அளவு குழாய் வச்ச மிஷினுக்கு 200ங்கறதே ஜாஸ்தி. உப்பு படிஞ்சா ஹீட்டர் சூடு தண்ணிக்குப் போகாது, அது பாட்டுக்கு எகிறும், கடைசில நம்ம பியூஸ் போகும், பாருங்க சுத்திச் சுத்தி அங்கயேதான் வந்து நிக்குது.

இந்த உப்பு போறதுக்கு ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா லெமன் சால்ட் (சிட்ரிக் ஆசிட்), ஒரு லிட்டருக்கு 20 கிராம் போதும், கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா ஓட்டி, 20 நிமிஷம் ஊற விட்டு, அப்புறம் ரெண்டு டேங்க் நல்ல தண்ணி ஓட்டிடுங்க. ரொம்ப கொதிக்க வச்சு ஓட்டாதீங்க, சூட்டுல அது வேற விதமான படிவமா மாறி இன்னும் கெட்டியா ஒட்டிக்கும். ராத்திரி முழுக்க ஊற வைக்கறதும் வேண்டாம், அலுமினிய பாய்லர அது திங்கும். வினிகர் ஊத்தறவங்க இருக்காங்க, அப்புறம் ரெண்டு வாரத்துக்கு காபியில ஊறுகாய் வாசம்தான். மொத்தமா ஆர்.ஓ தண்ணி ஊத்துனா உப்புப் பிரச்சனை கம்மிதான், ஆனா சில மிஷின்ல தண்ணி இருக்கான்னு ரெண்டு கம்பி வழியா கரண்ட் விட்டுப் பாக்கற சென்சார் இருக்கும், ரொம்ப சுத்தத் தண்ணி கரண்ட் கடத்தாது, டேங்க் நெறஞ்சிருந்தாலும் தண்ணி இல்லைன்னு கத்தும்.

பம்ப் செத்துப் போச்சுன்னு வர்றதுல நெறைய வெறும் காத்தடைப்பு. ஊருக்குப் போய்ட்டு வந்து போட்டா டர்ர்ருன்னு சத்தம் பெருசா வரும், தண்ணி வராது. ஸ்டீம் குழாயத் தொறந்து வச்சுட்டு பம்ப்ப விட்டு விட்டு ஓட்டுங்க, முக்கால்வாசி சரியாயிடும். விட்டு விட்டுன்னு ஏன் சொல்றேன்னா அந்த அதிர்வு பம்ப் மேலயே பாருங்க, நெறைய பம்ப்ல 2/1னு போட்டிருக்கும், 2 நிமிஷம் ஓடுனா 1 நிமிஷம் ரெஸ்ட்டுன்னு அர்த்தம், தண்ணியில்லாம அழுத்திப் புடிச்சா சூடேறியே செத்துரும். (பெட்டி மேல 15 பார்னு போட்டிருக்கறது அந்த பம்ப் குடுக்கக்கூடிய அதிகபட்ச பிரஷர், பார்ங்கறது பிரஷரோட அளவு, எஸ்பிரஸ்ஸோவுக்கு வேணுங்கறது 9 பார்தான், 20 பார்னு சொல்லி கூட காசு வாங்கறாங்க, ஏமாறாதீங்க.)

இப்ப நம்மூருக்குன்னே ஒரு கேஸு. வீட்டுல இருக்கற 80-20 பில்டர் காபித்தூளையே போட்டா என்னன்னு ஒரு பெரியவர் போட்டிருக்காரு. சிக்கரி தண்ணி பட்டதும் பிசுபிசுன்னு ஆகி, கைப்பிடியில தூள் போடற ஓட்டைக் கூடைய அடைச்சுக்கும், அதுவும் ஒரே ஒரு ஊசி ஓட்டை இருக்கற கூடைன்னா சொல்லவே வேண்டாம். சொட்டு கூட வரல, சரி கழட்டிப் பாப்போம்னு கைப்பிடிய பலம் குடுத்துத் திருப்பியிருக்காரு. வெலை கம்மியான மிஷின் பலதுல உள்ள இருக்கற பிரஷர வெளிய விடற வால்வு கெடையாது, மொத்தமும் அங்கயே நிக்கும். டமார்னு சூடான தூளு மூஞ்சி, கை, சட்டை எல்லாம். கண்ணாடி போட்டிருந்ததால கண்ணு தப்பிச்சுது. காபி வரலைன்னா ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணுங்க, ஸ்டீம் குழாயத் தொறந்து கப்புக்குள்ள விட்டு பிரஷர எறக்குங்க, அரை மணி நேரம் ஆறட்டும், அப்புறம் துண்டப் போட்டு மூடிக்கிட்டு மெதுவா. சிக்கரி கலந்தது டவராவுக்கு, மிஷினுக்கு வேண்டாம்.

அமெரிக்காவுல இருந்து பையன் கொண்டு வந்த மிஷின் தனி வகை. அது 120 வோல்ட், நம்ம 230ல சொருகுனா ஹீட்டர் கிட்டத்தட்ட நாலு மடங்கு சக்தி இழுக்கும், சில நொடியில கதை முடிஞ்சிரும். வோல்ட்டேஜ எறக்கிக் குடுக்கற ஸ்டெப்டவுன் வாங்குனேனேன்னு காட்டுவாங்க, பாத்தா ஷேவிங் மிஷினுக்கு வாங்குன 100 வாட் டப்பா. 1300 வாட் மிஷினுக்கு 2000 வாட்டாவது வேணும், அது அரை மூட்டை வெயிட்டு, அதுக்கு இங்கயே ஒண்ணு வாங்கிக்கலாம். இங்க வாங்குன மிஷினையும் ஸ்பைக் பஸ்டர்ல (கம்ப்யூட்டருக்குப் போடற எக்ஸ்டென்ஷன் பெட்டி) சொருகாதீங்க, 1350 வாட்னா கிட்டத்தட்ட 6 ஆம்ப், ஃப்ரிட்ஜ், ஓவனுக்குப் போட்டிருக்கற பவர் பிளக்ல போடுங்க.

ரிப்பேருக்குக் குடுக்கறப்ப, எங்கிட்டன்னு இல்ல, யார்கிட்டன்னாலும், கழட்டுன பழைய சாமான் அத்தனையும் திருப்பிக் கேளுங்க. பியூஸ் மாத்துனேன்னு பில் போட்டா பழைய பியூஸ் கைக்கு வரணும். ஏன் போச்சுன்னும் கேளுங்க, பதில் சொல்லத் தெரியலைன்னா அவரு காரணத்தப் பாக்கல. ஓடலைன்னு மட்டும் சொல்லாம சத்தம் வருதா, சூடாகுதா, எங்க ஒழுகுதுன்னு சொல்லுங்க, முடிஞ்சா போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கங்க, கடைக்கு வந்ததும் நல்ல பிள்ளையா ஓடற மிஷின் நெறைய பாத்துட்டேன். கைப்பிடியையும் கூடையையும் சேத்து கொண்டு வாங்க, பாதிப் பேரு மறந்துடறாங்க, அது இல்லாம பிரஷர் வச்சுப் பாக்க முடியாது. டேங்க்ல தண்ணியையும் கொட்டிட்டு வாங்க சாமி, ஒரு தம்பி ரொப்புன டேங்க்கோட ஸ்கூட்டர்ல காலுக்கு நடுவுல வச்சு சிங்காநல்லூர்ல இருந்து வந்தான், பேண்ட் நனைஞ்சது கூடப் பரவால்ல, உள்ள இருக்கற எலக்ட்ரானிக் போர்டுக்குள்ள தண்ணி எறங்கி, அன்னிக்கு வெறும் கேஸ்கெட் (ஒழுகாம அடைக்கற ரப்பர் வளையம்) மாத்தற வேலை போர்டு மாத்தற வேலையாப் போச்சு.