பெருவியாதி, குஷ்டம், தொழுநோய்

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் இந்த நோய்க்கு மூன்று பெயர்கள் காதில் விழும். வயதானவர்கள் ‘பெருவியாதி’ என்பார்கள். அடுத்த தலைமுறைக்கு அது ‘குஷ்டம்’. அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். சுகாதார நிலையத்துச் சுவரில் ‘தொழுநோய்’ என்று எழுதியிருக்கும்.

குஷ்டம் வடமொழியிலிருந்து வந்தது. தமிழில் ‘குட்டம்’ ஆனது. ஆயுர்வேத நூல்கள் குஷ்டத்தைப் பதினெட்டு வகையாகப் பிரிக்கின்றன: பெரியவை 7, சிறியவை 11. படை, சொறி போன்ற தோல் தொல்லைகளும் அந்தக் கணக்கில் அடக்கம். ஒரு கிருமியால் வரும் ஒரே நோய் என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு அன்று கிடையாது. (நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கோஷ்டம் என்ற வாசனை வேருக்கும் வடமொழியில் இதே பெயர்தான்.) இப்படிப் பரந்து கிடந்த சொல்லால் வந்த வினைதான் ‘வெண்குஷ்டம்’. தோலில் நிறமி குறைவதால் வரும் வெள்ளைத் திட்டு அது. கிருமியும் இல்லை, யாருக்கும் பரவவும் பரவாது. பெயரில் குஷ்டம் ஒட்டிக்கொண்டதால் எத்தனை வரன்கள் தட்டிப்போயிருக்கும்! அதை இப்போது ‘வெண்புள்ளி’ என்கிறோம். அதுவே சரி.

பெருவியாதி என்பதில் விளக்க அதிகம் இல்லை. ‘மகாரோகம்’ என்பதைப் போல, நோயின் கடுமையைச் சொல்லும் பெயர்.

தொழுநோய் பழைய தமிழ்ச் சொல். நாலடியாரின் 123ஆம் வெண்பாவில் இருக்கிறது: ‘விரலழுகித் துக்கத் தொழுநோய் எழுபவே’. ‘தொழு’ என்றதும் கைகூப்புவதும் மாட்டுத் தொழுவமும் நினைவுக்கு வரும்; ஆனால் ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக அவற்றை வேர் என்று சொல்லிவிட முடியாது. அந்த வெண்பா சொல்ல வருவது வேறு. முற்பிறவியில் நண்டைப் பிடித்துக் காலை முறித்துத் தின்ற வினைதான் இப்பிறவியில் உள்ளங்கை மட்டும் மிஞ்ச, விரல் அழுகும் நோயாக வருகிறதாம். உயிர்க்கொலை கூடாது என்பதற்குச் சொன்ன பாட்டுத்தான், சரி. ஆனால் நோய் வந்தவன்மேல் பழியும் சேர்ந்தே விழுகிறது. தமிழ்ச் சொல்லைப் போட்டுவிட்டால் இழிவு போய்விடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை படிக்கலாம்.

காரணம் பாக்டீரியா என்பதை 1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற மருத்துவர் கண்டறிந்தார். ‘ஹான்சன் நோய்’ என்ற பெயர் அவரால் வந்தது. அதுவரை பரம்பரை நோய் என்றே அங்கும் பலர் நம்பியிருந்தார்கள். நம் ஊரில் இன்னும் சிலர் நம்புகிறார்கள்.

விரல் தானாக அழுகி உதிர்வதும் இல்லை. கிருமி தாக்குவது தோலையும் நரம்பையும். முதலில் தெரிவது வெளிறிய அல்லது சிவந்த ஒரு தேமல். அரிப்பு இராது, வலி இராது, அதனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சாதாரணத் தேமலைத் தொட்டால் தெரியும். இதில் சுரணை இருக்காது. சோதிக்கிறவர்கள் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் லேசாகத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வார்கள். தேமலில் தொடும்போது விரல் நகராது.

மலையில் இதற்கு இன்னொரு சிக்கல். தை மாத நீர்ப்பனியில் காலையில் கொழுந்து பறிக்கப் போனால் யார் கையும் விறைத்துத்தான் போகும். ‘குளிருல மரத்துப்போச்சுக்கா’ என்றால் மறுபேச்சு இல்லை. குளிரில் விறைத்த கை வெயில் ஏறினால் சரியாகும். நரம்பு மரத்த கை சித்திரையிலும் அப்படியேதான் இருக்கும். சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து குளிர்காயும்போது சூடு உறைக்காமல் கை பொத்துப்போகும், மறுநாள் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். இப்படி வந்த புண்ணில் சீழ் வைத்து, எலும்பு கரைந்து, விரல் குட்டையாகிறது. நாலடியார் கண்டது இந்தக் கடைசிக் கட்டத்தை.

இன்னொரு சொல் ‘ஒட்டுவாரொட்டி’. தொட்டதும் ஒட்டிக்கொள்ளும் என்று இந்த நோயையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மருந்து சாப்பிடாத ஒருவரோடு நெடுநாள் நெருங்கிப் பழகும்போது, மூக்கு, வாய்த் துளிகள் வழியாகத்தான் பெரும்பாலும் பரவுகிறது. பெரும்பாலோருக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு. மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பரவுவது நின்றுவிடும். தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் வீண் வேலை.

கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். தேமல் ஐந்துக்குள் என்றால் 6 மாதம், அதற்கு மேல் என்றால் 12 மாதம். அதில் உள்ள குளோபாசிமின் என்ற மருந்து தோலைக் கறுக்க வைக்கும். ‘என்ன, இப்படிக் கறுத்துட்டே?’ என்ற கேள்விக்குப் பயந்தே பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. சிகிச்சை முடிந்த பிறகு நிறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிடும்.

அப்புறம், ஆளை எப்படிச் சொல்வது? பழைய தமிழ் பைபிள் ‘குஷ்டரோகி’ என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் ‘தொழுநோயாளர்’ என்று மாற்றியது. நல்ல மாற்றம். ஆனால் தொழுநோயாளர் என்பதும் சிகிச்சை நடக்கும் வரைக்குமான சொல்தான். பன்னிரண்டு மாதத்தில் நோய் முடிகிறது, பெயர் மட்டும் முப்பது வருஷம் கூடவே வருகிறது. மடங்கிய விரலும் புண்ணின் தழும்பும் நோயின் மிச்சங்கள். அங்கே நோய் இல்லை.

சட்டத்துக்கும் இது தாமதமாகத்தான் உறைத்தது. நோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீங்கியது. தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கும் வழி 2019இல் அடைபட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) ‘தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்’ என்ற தொடரைத் தனி வகையாக வைத்திருக்கிறது. சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் அது வேண்டும். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பேரட்டுக் களத்திலும் கல்யாண வீட்டிலும் அதற்கு வேலை இல்லை.