எல்லை தாண்டும் பலூன்: ஓட்டுவது காற்றா, ஆளா?

2023 பிப்ரவரி 1. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள பில்லிங்ஸ் நகரத்து மக்கள், பட்டப்பகலில் வானத்தில் வெள்ளை உருண்டை ஒன்றைப் பார்த்தார்கள். அது ஜனவரி 28-லேயே அலாஸ்காவுக்குள் நுழைந்து, கனடாவைக் கடந்து வந்திருந்த சீனப் பலூன். வானிலை ஆய்வுக்காக விட்டதைக் காற்று திசைமாற்றிவிட்டது என்றது சீனா. உளவு பார்க்க வந்தது என்றது அமெரிக்கா.

சுமார் 20 கி.மீ. உயரத்தில் பலூனை நிறுத்த என்ன தேவை? கடல்மட்டத்தில் 1 கன மீட்டர் ஹீலியம் சுமார் 1 கிலோவைத் தூக்கும். 20 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 14-ல் ஒரு பங்குதான் என்பதால், அங்கே 1 கன மீட்டர் தூக்குவது 75 கிராம் அளவே. 1 டன் எடைக்கு 13,000 கன மீட்டர் வேண்டும். அதாவது 29 மீட்டர் விட்டமுள்ள உருண்டை, அதிலும் உறையின் எடை தனி. அதனால்தான் ஏவும்போது உறையின் உச்சியில் மட்டும் கொஞ்சம் வாயு இருக்கும், மீதி துணிபோலத் தொங்கும். மேலே போகப் போக வாயு விரிந்து உறை நிறையும்.

இனி திசை. காற்று உயரத்துக்கு உயரம் வெவ்வேறு பக்கம் வீசும். பலூனுக்குள் இருக்கும் தனிப் பையில் வெளிக்காற்றை பம்ப் செய்தால் எடை கூடி இறங்கும், வெளியேற்றினால் ஏறும். இப்படி வேண்டிய பக்கம் போகும் காற்றைத் தேடிப் பிடிக்கலாம். ஆனால் வடக்கே குளிர்காலத்தில் பெரும்பாலான உயரங்களில் காற்று மேற்கிலிருந்து கிழக்கேதான் வீசுகிறது. தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது. ஆக, காற்று தள்ளியது என்பதை அறிவியல் மட்டுமே வைத்து மறுத்துவிட முடியாது.

ஆனால் அந்தப் பதில் போதாது. பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான 1944 சிகாகோ ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு. அதன் 2-ஆம் இணைப்பில் ஆளில்லாப் பலூன்களுக்கென்றே விதிகள் இருக்கின்றன. கனமான பலூனில் சுமையைப் பிரித்துப் பறத்தலை முடிக்கும், ஒன்றையொன்று சாராத இரண்டு துண்டிப்புக் கருவிகளாவது இருக்க வேண்டும். அனுமதியில்லாமல் அயல்நாட்டு வான்வெளிக்குள் போகும் முன்பே அவற்றை இயக்கிப் பறத்தலை முடித்துவிட வேண்டும். பலூன் குடிமைப் பயன்பாட்டுக்கானது என்று சொல்லும் நாடு, அந்தக் கருவிகள் ஏன் இயங்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். என் பார்வையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

சுட்டு வீழ்த்துவதும் எளிதல்ல. உறைக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், குண்டு துளைத்தாலும் வெடிக்காது. வாயு மெல்லக் கசியும். 1998-ல் கட்டுப்பாடிழந்த ஆய்வுப் பலூன் ஒன்றை கனடா போர்விமானங்கள் 1,000-க்கும் மேற்பட்ட குண்டுகளால் சுட்டும், அது அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனது. சீனப் பலூனை எஃப்-22 விமானம் பிப்ரவரி 4 அன்று ஏவுகணையால்தான் வீழ்த்தியது. கீழே ஆட்கள்மேல் கருவிகள் விழக்கூடாது என்று, தென் கரோலினா கரையைத் தாண்டி அது கடலுக்குமேல் வரும்வரை காத்திருந்தார்கள்.

பறவை, மேகம் போன்றவற்றைத் தவிர்க்க, மெதுவாக நகர்பவற்றை ரேடார் வழக்கமாக வடிகட்டிவிடும். அந்த வேக வரம்பைத் தளர்த்தியதும் பிப்ரவரி 10, 11, 12-இல் மேலும் மூன்று பொருள்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அவை பெரும்பாலும் தனியார் நிறுவனங்களோ ஆய்வு அமைப்புகளோ விட்ட பலூன்களாக இருக்கலாம் என்று அதிபர் பைடன் சில நாளில் சொன்னார்.