சக்கையை எடுத்தால் கொதிகலனுக்கு என்ன போடுவது?

வெள்ளவத்தையில் மதியச் சாப்பாடு வாங்கினால் சில கடைகளில் இப்போது வெளிறிய பழுப்பு நிறப் பெட்டியில் கட்டித் தருகிறார்கள். கரும்புச் சக்கையில் செய்த பெட்டி. 2017 செப்டெம்பரில் லஞ்ச் சீற்றையும் ரெஜிபோம் பெட்டியையும் தடை செய்த பிறகு மெல்ல மெல்ல வந்த பழக்கம். பொருளைக் குறை சொல்ல மாட்டேன். சோறு சூடாக இருக்கும், மண்ணில் போட்டால் மட்கிவிடும்.

சில வருடங்களுக்கு முன் கொள்ளுப்பிட்டியில் ஒரு கூட்டம். நொடித்துப்போன ஒரு சீனித் தொழிற்சாலையைப் பலவகை உற்பத்திக்கு மாற்றும் யோசனை. அந்தப் பெட்டியை மேசை நடுவில் சாமி சிலை மாதிரி வைத்திருந்தார்கள். சக்கை என்பது கழிவு, ஆகவே அதிலிருந்து செய்யும் பெட்டிக்குச் சுற்றாடல் சுமை பூச்சியம் என்று வரைவறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

"சக்கையை இதற்கு எடுத்தால் கொதிகலனுக்கு என்ன போடுவீர்கள்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை, பிளேன்டீ வந்தது.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு என் தொழில். கொழும்பில் உட்கார்ந்துகொண்டு மொனராகலையையும் அம்பாறையையும் எக்செல் தாளில் நிரப்புகிற வேலை என்று என் மனைவி சொல்வாள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாளில் எந்தக் கட்டத்தை விடுகிறோம் என்பதில்தான் ஒரு திட்டம் பச்சையாகவோ கறுப்பாகவோ தெரிகிறது. சீனித் தொழிலைப் பற்றி வருகிற மதிப்பீடுகளில் பெரும்பாலும் ஒரே கட்டம்தான் விடுபடுகிறது: எதற்குப் பதிலாக?

நம் நாட்டுச் சீனித் தொழிலின் நிலை தெரிந்ததுதான். கந்தளாய்த் தொழிற்சாலை 1993இல் நின்றது, அதன் இயந்திரங்கள் துருப்பிடித்தே முடிந்தன. ஹிங்குராணை நின்று, பல வருடம் கழித்து மீண்டும் ஓடத் தொடங்கியது. பெல்வத்தையையும் செவனகலையையும் 2011இல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. நாம் தேநீரில் கலக்கும் சீனியில் பத்தில் ஒன்பது பங்கு இன்னும் கப்பலில்தான் வருகிறது. ஆகவே சீனியை மட்டும் நம்பாமல் எதனோல், மின்சாரம், பசளை, பெட்டி என்று பிரிந்து போகலாம் என்ற யோசனை இயல்பானது. நானும் அதற்கு எதிரியில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு தொன் கரும்பை அரைத்தால் நல்ல ஆலையில் ஏறத்தாழ 100 கிலோ சீனி வரும். 280 கிலோவை ஒட்டிச் சக்கை, அதில் பாதி வெறும் ஈரம். 40 கிலோ அளவில் மொலாசஸ், அதாவது சீனி பிரிந்த பிறகு மிஞ்சும் கரும்பாகு. வடிகட்டியில் தங்கும் சேறு, அதாவது பிரஸ் மட், 30 அல்லது 40 கிலோ. இந்தச் சக்கை எங்கும் குவிந்து கிடப்பதில்லை. அதை எரித்துத்தான் ஆலை தனக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் எடுக்கிறது. பழைய, குறைந்த அழுத்தக் கொதிகலன் என்றால் கிட்டத்தட்ட எல்லாச் சக்கையையும் அதுவே தின்றுவிடும். அதிலிருந்து ஒரு தொன்னைப் பெட்டி செய்ய எடுத்தால் அந்த வெப்பத்தை வேறெங்கோ தேட வேண்டும். ஈரச் சக்கை கிலோவுக்கு ஏழரை மெகாஜூல் தரும், உலை எண்ணெய் 40 தரும். கொதிகலனின் திறனைப் பொறுத்து ஒரு தொன் சக்கைக்கு ஈடாக 150 முதல் 190 கிலோ எண்ணெய் வேண்டும். அதை எரித்தால் அரைத் தொன்னை ஒட்டிக் காபனீரொட்சைட்டு. "பூச்சியம்" என்று எழுதியிருந்த இடத்தில் வர வேண்டிய எண் அதுதான்.

எண்ணெய்க்குப் பதில் விறகு போடுவோம் என்றால், யாருடைய காட்டு விறகு என்று அடுத்த கேள்வி வரும். உயர் அழுத்தக் கொதிகலன் வைத்து, நீராவியைச் சிக்கனம் செய்து, அதனால் உண்மையில் சக்கை மிஞ்சினால் கதை வேறு. அப்போது பெட்டிக்கும் இடமுண்டு, மின்சாரம் விற்கவும் இடமுண்டு. முதலில் கொதிகலன், பிறகு பெட்டி. கூட்டத்தில் வரிசை தலைகீழாக இருந்தது.

மின்சாரத்திலும் இதே கேள்விதான். சக்கை மின்சாரம் தேசிய மின்கட்டமைப்புக்குப் போனால் அது எதை விலக்குகிறது? நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் ஒரு தொன் நிலக்கரி குறைந்தால் நல்ல லாபம். மழை நன்றாகப் பெய்து நீர்த்தேக்கங்கள் வழிகிற வாரத்தில் நீர்மின்சாரத்தை விலக்கினால் லாபம் ஏறக்குறைய இல்லை. வருட சராசரியால் பெருக்கிவிட்டுப் போவது எல்லோருக்கும் சுலபம். மொரீஷியஸை எல்லோரும் முன்மாதிரி காட்டுவார்கள். நம் பாட்டன்மார் காலத்திலேயே தமிழர் கரும்பு வெட்டப்போன தீவு அது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 தொடங்கிச் சில வருடங்களில் சீனி விலையை 36 வீதம் குறைத்தபோது அவர்கள் சக்கை மின்சாரத்தில் இன்னும் ஊன்றிக்கொண்டார்கள். பாராட்டத்தக்கதே. ஆனால் கரும்பு அரைக்காத மாதங்களில் அந்த நிலையங்களில் பல இறக்குமதி நிலக்கரியில் ஓடின. அரைவைப் பருவத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் நிலக்கரி கண்ணில் படாது.

இப்போது எதனோலுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் முழு விஷயத்தின் கனமும் இங்கேதான். மொலாசஸை நொதிக்கவிட்டு வடித்துத்தான் எதனோல் எடுக்கிறார்கள். 2020இல் எதனோல் இறக்குமதியை நிறுத்திய பிறகு மொலாசஸின் மதிப்பு ஏறியது. சீனியில் வரும் நட்டத்தை வடிசாலை தாங்குகிறது என்று துறையில் இருப்பவர்கள் வெளிப்படையாகவே சொல்வார்கள். அறிக்கைகளில் எதனோல் பகுதி காபன் கணக்கோடு முடிந்துவிடும். வடிகலத்தின் மேலே போவதைத்தான் எல்லோரும் அளக்கிறார்கள். அடியில் வருவதை நான் ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தேன். கோப்பி நிறம் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். அது கோப்பி நிறமில்லை, பழைய என்ஜின் ஒயில் நிறம். ஆவி பறக்க வாய்க்காலில் ஓடுகிறது. எரிந்த வெல்லமும் புளித்த மாவும் கலந்த ஒரு வாடை. சட்டையைக் கொழும்புக்கு வந்து இரண்டு முறை தோய்த்தும் போகவில்லை. இதைத் துறையில் ஸ்பென்ட் வாஷ் என்பார்கள்.

ஒரு லீற்றர் எதனோலுக்கு இது 10 முதல் 15 லீற்றர் வரை வரும். உதாரணமாக, நாளுக்கு 20,000 லீற்றர் எதனோல் எடுக்கும் ஒரு வடிசாலையை எடுத்துக்கொள்வோம். 12 மடங்கு என்றால் 2,40,000 லீற்றர் கழிவு. ஒரு கழிவைத் தின்று தீர்க்கக் கிருமிகள் தண்ணீரிலிருந்து எவ்வளவு ஒட்சிசனை இழுக்கும் என்பதுதான் பி.ஓ.டி. மொலாசஸ் கழிவில் அது லீற்றருக்கு 40,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். நம் நாட்டில் ஆறு குளங்களில் விட அனுமதிக்கும் அளவு 30. ஆயிரத்து முந்நூறு மடங்குக்கு மேல். அந்த ஒரு வடிசாலையின் ஒருநாள் சுமை, ஒன்றரை லட்சம் பேரின் மலசலக் கழிவுச் சுமைக்கு ஈடு. உலர்வலயத்தில், சிறுபோகக் காலத்தில், முழங்கால் அளவு தண்ணீர் ஓடும் ஓர் ஓடைக்கு இது எப்படித் தாங்கும்?

வழி இல்லாமல் இல்லை. காற்றில்லாத தொட்டியில் நொதிக்கவிட்டு மெதேன் எடுத்தால், அதே கொதிகலனுக்கு எரிபொருளாகும். பிரஸ் மட்டோடு கலந்து கூட்டெரு ஆக்கலாம். பிரேசிலில் அளவறிந்து கரும்பு வயலுக்கே பாய்ச்சுகிறார்கள், பொற்றாசியம் நிறைய இருப்பதால் உரச் செலவும் குறைகிறது. அளவறிந்து என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். அளவு தவறினால் மண்ணில் உப்பேறும், கீழே கிணற்று நீரின் நிறமும் மாறும். மெதேனை எடுக்காமல் திறந்த குட்டையில் தேக்கி வைத்தால், நாற்றத்தோடு காலநிலைக் கணக்கும் கெட்டுவிடும். மெதேன், நூறு வருடக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட இருபத்தேழு மடங்கு அளவில் வெப்பத்தைப் பிடிக்கும் வாயு. எதனோலில் மிச்சம் பிடித்ததைக் குட்டை தின்றுவிடும்.

அப்புறம் அடிப்படை வருடம். "திட்டத்துக்கு முன்", "திட்டத்துக்குப் பின்" என்று ஒப்பிடுகிறோம். முன் என்பது எந்த வருடம்? ஒருவர் 2021/22ஐ எடுத்துக்கொண்டு வந்தார். 2021 மே மாதம் இரசாயன உரம் தடை, நவம்பரில் தளர்வு, 2022இல் பெற்றோல் வரிசை. அந்த வருடத்துக் கரும்பு வயல் எந்தச் சாதாரண வருடத்துக்கும் பிரதிநிதியல்ல. ஹெக்டேருக்கு 100 கிலோ நைதரசன் போட்டால், அதில் ஒரு வீதம் நைதரசு ஒட்சைட்டாகக் கிளம்பும் என்பது சர்வதேச நியமக் கணக்கு. ஏறத்தாழ 430 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். உரமில்லாத வருடத்தில் தாளில் அந்த எண் சுருங்கிவிடும், விளைச்சலும் சேர்ந்து விழும், ஒரு தொன் சீனிக்கு எவ்வளவு என்று வகுத்தால் எண் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. அந்த வருடத்துத் தரவுதான் கணினியில் இருந்தது, அவ்வளவே. ஐந்து வருடச் சராசரி கேட்டேன். மூன்று வாரம் கழித்து வந்தது, பாதி கையெழுத்துப் பேரேட்டின் புகைப்படமாக.

ஒரே கரும்பின் சுற்றாடல் சுமையைச் சீனிக்கு இவ்வளவு, மொலாசஸுக்கு இவ்வளவு என்று பங்கிடும் முறையிலும் ஒரு வேடிக்கை உண்டு. விலை விகிதத்தில் பங்கிட்டால், மொலாசஸ் விலை ஏறும்போது சீனியின் காபன் சுமை குறைந்துவிடும். வயலில் ஒரு செடிகூட மாறியிருக்காது. எந்த முறையில் பங்கிட்டார்கள் என்று அறிக்கையில் தேடுங்கள். சொல்லவில்லை என்றால் அந்த எண்ணை நம்பிப் பேச வேண்டாம்.

ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்ற பக்கத்தையும் எழுத வேண்டும். தொழிற்சாலை நின்றால் சுற்றாடலுக்கு நல்லதுதானே என்று ஒரு பெரிய அதிகாரி கேட்டார். ஹவாயில் கடைசிச் சீனி ஆலை 2016 டிசம்பரில் மூடியது. மாவி தீவில் லஹைனா நகரைச் சுற்றியிருந்த கரும்பு நிலம் அதற்கு முன்பே, 1999இல் கைவிடப்பட்டது. அங்கே கினிப்புல் ஏறியது. நம் வீதியோரங்களில் ஆளுயரம் வளருமே, அதே புல். 2023 ஓகஸ்டில் பலத்த காற்றோடு தீ வந்தபோது அந்தக் காய்ந்த புல் நகர் வரைக்கும் வழி கொடுத்தது. நூறு பேரளவில் இறந்தார்கள். நமக்கு உடவளவைப் பூங்காவின் ஓரத்தில் செவனகலை இருக்கிறது. கரும்பு இருந்தால் யானை வரும். கைவிட்டால் பற்றையாகி அங்கேயே தங்கும். இரண்டுக்கும் விலை உண்டு.

நடைமுறையில் இன்னொரு ஓட்டை. 1980ஆம் ஆண்டுத் தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988இல் செய்த திருத்தத்தால்தான் தாக்க மதிப்பீடு வந்தது. அது திட்டம் திட்டமாகப் பார்க்கும். இன்று வடிசாலை விரிவு, அடுத்த வருடம் மின்நிலையம், அதற்கடுத்து பெட்டி ஆலை என்று வந்தால் ஒவ்வொன்றும் தனித்தனி. ஓடை மட்டும் ஒன்று. முழு மதிப்பீடு நடக்கும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு, பத்திரிகையில் அறிவித்தல் வரும். பத்தரமுல்லையில் மத்திய சுற்றாடல் அதிகார சபையில் அறிக்கையைப் பார்க்கலாம், பிரதேச செயலகத்திலும் வைப்பார்கள். கையில் எடுப்பவர்கள் சுருக்கத்தை விட்டுவிட்டு நீர்க்கணக்கு அட்டவணையைப் பாருங்கள். ஸ்பென்ட் வாஷ் எத்தனை கன மீற்றர், எங்கே போகிறது, மழைக்காலத்தில் எத்தனை நாள் தேக்கி வைப்பார்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

இவ்வளவு பேசுகிற நானும் ஒரு கட்டத்தை விட்டிருந்தேன். அம்பாறைப் பக்கம் ஒரு கூட்டத்தில் கரும்புக் காணிக்காரர் ஒருவர், அறுபது வயதிருக்கும், என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, கரும்ப விட்டுட்டு நாங்க வேளாண்மைக்கே திரும்பினா, அது உங்கட கணக்குல எங்க வருது?" என்று கேட்டார். அங்கே வேளாண்மை என்றால் நெல். இரண்டு போகத் தண்ணீர், தேங்கிய வயலில் கிளம்பும் மெதேன், கரும்பில் முடங்கிய காசு கைக்கு வரும் வேகம். எதுவும் என் தாளில் இல்லை. எனக்கு முன்னிருந்த தெரிவுகள் எல்லாம் தொழிற்சாலையின் தெரிவுகள்.

"இல்லை ஐயா, சேர்க்கவில்லை" என்றேன்.

"அப்ப சேருங்க" என்று சொல்லிவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.