மீந்துபோன தடுப்பூசி யாருக்கு உரியது?

எங்கள் வட்டாரத்தில் 2021 ஜூலையில் நடந்த ஒரு கொரோனா தடுப்பூசி முகாமில், கோவிஷீல்டு தடுப்பூசியின் முதல் தவணை போட்டு, இரண்டாம் தவணைக்கான 84 நாள் இடைவெளியைக் கடந்துவிட்ட, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வரும் மூதாட்டி ஒருவர், மருந்து தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டார். அதற்குச் சற்று முன்புதான், வரிசையில் நிற்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாக அழைத்து வரப்பட்ட இளைஞர்கள் சிலருக்கு முதல் தவணை போடப்பட்டிருந்தது. அவர்களில் எவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை, சர்க்கரை நோய் போன்ற எந்த இணைநோயும் இல்லை. தருமபுரி மாவட்டத்தில் அரசு மருத்துவராகப் பணிபுரியும் நான், அவ்வாண்டு மார்ச் மாதத்திலிருந்து இதே நிகழ்வை வெவ்வேறு முகங்களோடு பார்த்து வந்தேன். ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட காரணங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததால், அவற்றுக்கான பதிலை ஒரே இடத்தில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

2021 ஜனவரி 16 அன்று சுகாதாரப் பணியாளர்களிடம் தொடங்கிய கொரோனா தடுப்பூசித் திட்டம், பிப்ரவரியில் முன்களப் பணியாளர்களுக்கும், மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும் இணைநோய் உள்ள 45 வயதைக் கடந்தவர்களுக்கும், ஏப்ரல் 1 முதல் 45 வயதைக் கடந்த அனைவருக்கும், மே 1 முதல் 18 வயதைக் கடந்த அனைவருக்கும் என்று படிப்படியாக விரிந்தது. அனைவருக்கும் அனுமதி வந்துவிட்டதால் இனி முன்னுரிமை என்று எதுவும் இல்லை என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். அது தவறு. அவ்வாண்டு ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை, சுகாதாரப் பணியாளர், முன்களப் பணியாளர், 45 வயதைக் கடந்தோர், இரண்டாம் தவணைக்கான நாள் வந்தோர், அதன் பிறகே 18 வயதைக் கடந்த மற்றவர்கள் என்று வரிசையைத் தெளிவாகவே குறிப்பிட்டது. இந்நோயால் நாட்டில் இறந்தவர்களில் 88 விழுக்காட்டினர் 45 வயதைக் கடந்தவர்கள் என்று மத்திய சுகாதாரத் துறை மார்ச் மாதத்தில் அறிவித்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இந்த வரிசை ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

என்னை மிகவும் வருத்துவது, "மீதமாகி வீணாகப் போகிற மருந்தைத்தானே போட்டுக்கொண்டோம்" என்ற வாதம். படித்தவர்களும் பொறுப்பில் இருப்பவர்களும் இதை மனசாட்சி உறுத்தாமல் சொல்வதால், சற்று விரிவாகவே விளக்க வேண்டியுள்ளது. கோவிஷீல்டு ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். குப்பியைத் திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதற்கு மேல் மிஞ்சுவதைக் கொட்டத்தான் வேண்டும். ஆகவே முகாம் முடியும் நேரத்தில், கடைசியாகத் திறந்த குப்பியில் இரண்டு மூன்று பேருக்கான மருந்து மிஞ்சுவது இயல்பு. அப்போது அருகில் இருக்கும் யாருக்கேனும் அதைப் போடுவதில் தவறே இல்லை, போடாமல் கொட்டுவதுதான் தவறு. வீணடிக்கப்படும் அளவைப் பார்த்தே மாநிலங்களுக்கான ஒதுக்கீடும் குறைக்கப்படும் என்று மத்திய அரசின் நெறிமுறை கூறியதால், நாங்களும் ஒரு சொட்டைக்கூட விட்டதில்லை. கை தேர்ந்த செவிலியர்கள் ஒரே குப்பியிலிருந்து பதினோராவது நபருக்கும் மருந்து எடுத்துவிட்டார்கள். அவர்களின் அந்தத் திறமையை யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆனால் நடைமுறையில் "மீதம்" என்று சொல்லப்பட்டது பெரும்பாலும் இவ்வாறு மிஞ்சியது கிடையாது. காலை பத்து மணிக்கு, வெளியே நூறு பேர் டோக்கனுக்காக நிற்கும்போது, எந்தக் குப்பியிலும் மீதம் என்று ஒன்று இருக்கவே முடியாது. மாலையில் ஒரே ஒருவர் பாக்கி இருக்கும்போது புதுக் குப்பியைத் திறக்கச் சொல்லி வற்புறுத்திவிட்டு, மற்ற ஒன்பது பேருக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லி வரவழைப்பதும் மீதம் ஆகாது. மறுநாள் காலையில் வேறு பத்துப் பேருக்குப் போயிருக்க வேண்டிய குப்பி அது. இன்னும் சில இடங்களில், விநியோகிக்கும் டோக்கன்களின் எண்ணிக்கையை முன்கூட்டியே குறைத்துக்கொண்டு, அப்படி ஒதுக்கி வைத்ததை மீதம் என்று பெயர் சூட்டி வழங்கினார்கள். உண்மையாகவே மிஞ்சியிருந்தாலும், அதற்கு முதல் உரிமை டோக்கன் கிடைக்காமல் வாசலில் நின்றுகொண்டிருப்பவர்களுக்கே உண்டு. வாசலில் ஒருவரும் இல்லை என்ற நிலையில்தான் மற்றவர்களை அழைக்க வேண்டும்.

"எப்படியும் எல்லோருக்கும் போடத்தானே போகிறார்கள், நான்கு நாள் முன்பின் ஆனால் என்ன?" என்று கேட்பவர்கள், அந்த நான்கு நாள் யாருக்கு எப்படி நீள்கிறது என்பதைப் பார்த்ததில்லை. தேர்தலுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகளின் மேல் ஏற்றிக் கொண்டுபோன கோட்டூர் மலை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. சித்தேரி, வத்தல்மலைப் பகுதிகளிலும் வெகுதொலைவு நடந்தே பேருந்தைப் பிடிக்க வேண்டிய குக்கிராமங்கள் உண்டு. ஊரடங்கில் நின்றிருந்த பேருந்துகள் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தன. மருந்து வரத்தும் ஒரு நாள் இருந்தால் மறுநாள் இருந்ததில்லை. அன்றைய கூலியை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்து வெறுங்கையோடு திரும்பியவர், அடுத்த முகாமுக்கு வருவார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வரிசையைத் தாண்டியவருக்கோ, அன்றைய விலையான 780 ரூபாயைக் கட்டி ஓசூரிலோ சேலத்திலோ தனியார் மருத்துவமனையில் இதே ஊசியைப் போட்டுக்கொள்ளும் வசதி பெரும்பாலும் இருந்தது. இதை எல்லாம் பேச வேண்டியிருப்பதே வேதனையாக உள்ளது.

மார்ச் மாதத்தில் இணைநோய்ச் சான்றிதழ் கேட்டு வந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இல்லாத நோயை இருப்பதாக எழுதித் தரும் மருத்துவர், மற்றொரு நோயாளியின் இடத்தை எடுத்துக் கொடுக்கிறார். சக மருத்துவர்கள் இதை நட்புக்காகக்கூடச் செய்யக் கூடாது.

ஊராட்சித் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் என் வேண்டுகோள்: உங்கள் கிராமத்தில் 45 வயதைக் கடந்தும் முதல் தவணை போடாதவர்கள், 84 நாள் முடிந்தவர்கள், 2021 ஜூலை முதல் அனுமதிக்கப்பட்ட கர்ப்பிணிகள் ஆகியோரின் பட்டியலைக் கிராம சுகாதார செவிலியரோடு உட்கார்ந்து தயாரியுங்கள். உங்கள் செல்வாக்கை அவர்களை முகாமுக்கு அழைத்து வருவதில் காட்டுங்கள். வண்டி ஏற்பாடு செய்து தாருங்கள். கைபேசி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசிக்கான அரசின் கோவின் இணையதளப் பதிவைச் செய்து கொடுக்க ஊர் இளைஞர்களை அமர்த்துங்கள். முகாம் தொடங்கும்போதே, வந்துள்ள மருந்தின் அளவையும் வழங்கப்படும் டோக்கன்களின் எண்ணிக்கையையும் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். சொந்தக்காரர்களுக்காகச் செவிலியரைத் தொலைபேசியில் அழைக்காதீர்கள்.

இளைஞர்களே, மாலையில் மிஞ்சினால் கூப்பிடுங்கள் என்று உங்கள் எண்ணைச் செவிலியரிடம் கொடுத்து வைப்பது முறையான செயல்தான். பத்து நிமிடத்தில் வரக்கூடிய தொலைவில் இருப்பவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம். பக்கவாட்டுக் கதவைத் திறந்து யாரேனும் உங்களை அழைத்தால், வெளியே வயதானவர்கள் நிற்கிறார்களா என்று கேளுங்கள். நின்றால் உள்ளே போகாதீர்கள்.

வரிசையில் நிற்பவர்களும், கண்ணெதிரே முறைகேடு நடந்தால் ஊசி போடும் செவிலியரிடம் சண்டையிட வேண்டாம். பெரும்பாலான இடங்களில் அந்த முடிவு அவர் கையில் இல்லை. மறுத்தால் இடமாற்றம் வருமோ என்ற அச்சத்தோடும், மறுக்காவிட்டால் உங்கள் ஏச்சைக் கேட்க வேண்டுமே என்ற கவலையோடும் அவர் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார். முகாம் பொறுப்பு மருத்துவரை நேரில் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் முகாம் நடந்த இடம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அரசின் 104 சுகாதார உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள்.