லாரிக் கதவு ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிபையர்: ஒரே பேட்டரியில் 12 வோல்ட் எடுக்காதீர்கள்

இரவெல்லாம் வண்டி ஓட்டுகிற லாரி டிரைவருக்குப் பாட்டு ஆடம்பரம் அல்ல. நாமக்கல்லில் லோடு ஏற்றி நாக்பூர் தாண்டிப் போகிறவருக்கு அது பேச்சுத்துணை. அதனால், "கதவு ஸ்பீக்கருக்கு ஒரு ஆம்ப்ளிபையர் போட்டுக் கொடுங்கள் அண்ணா" என்று வருகிறவர்களை நான் தடுப்பதே இல்லை. நான் தடுக்க நினைப்பது ஒன்றைத்தான். இரண்டு பேட்டரியையும் இணைக்கிற இடத்தில் ஒரு ஒயரை முறுக்கி, அங்கிருந்து 12 வோல்ட் எடுப்பதை.

கனரக லாரி 24 வோல்ட்டில் ஓடுகிறது. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். கடையில் கிடைக்கும் ஆம்ப்ளிபையரோ பெரும்பாலும் காருக்கானது. அதற்கு 12 வோல்ட் போதும். எர்த் பக்கம், அதாவது மைனஸ் முனை வண்டியின் இரும்பு உடலோடு சேர்ந்த பக்கம், இருக்கும் பேட்டரியில் மட்டும் இணைத்துவிட்டால் பாட்டும் பாடுகிறது, செலவும் இல்லை. வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கெடுதல் சில மாதம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் ஒயரைப் போட்டவரையே எல்லோரும் மறந்திருப்பார்கள்.

"புது பேட்டரி போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை, காலையில் செல்ஃப் எடுக்கவில்லை" என்று ஒரு வண்டி வந்தது. இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்தேன். இரண்டும் சேர்ந்து 28.1 வோல்ட். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரில் குறையே இல்லை. தனித்தனியாக அளந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது: எர்த் பக்கத்துப் பேட்டரியில் 12.9, அதற்கு அடுத்ததாக இணைந்த மேல் பேட்டரியில் 15.2. மேல் பேட்டரியின் மூடியைத் திறந்தால் தண்ணீர் தகட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

காரணம் எளிது. தொடர் இணைப்பில் இரண்டு பேட்டரிக்கும் ஒரே அளவு மின்னோட்டம்தான் உள்ளே போகும். ஆனால் ஒன்றிலிருந்து மட்டும் ஆம்ப்ளிபையர் தினமும் உறிஞ்சுகிறது. அந்தப் பேட்டரி முழுச் சார்ஜுக்கு வருவதே இல்லை. தகட்டில் சல்பேட் படிகிறது. ஆல்டர்நேட்டருக்கு மொத்தக் கணக்கு மட்டுமே தெரியும். 28 வோல்ட்டை எட்டும்வரை அது ஏற்றிக்கொண்டே இருப்பதால், கீழே குறைகிற வோல்ட் மேல் பேட்டரியின் தலையில் விழுகிறது. அது கொதித்து நீரை இழக்கிறது. ஒன்று பட்டினியாலும் மற்றொன்று அஜீரணத்தாலும் சாகின்றன. உரிமையாளர் பேட்டரி கம்பெனியைக் குறை சொல்லிவிட்டு அடுத்த ஜோடி வாங்குகிறார்.

சரியான வழி 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர். எந்த அளவு வாங்குவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இரண்டு கதவுக்கும் தலா 50 வாட் என்றால் 100 வாட். வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் ஆம்ப்ளிபையர் 160, 170 வாட் வரை இழுக்கும். அதாவது 12 ஆம்பியருக்கு மேல். தொடர்ந்து 20 ஆம்பியர் தரக்கூடிய கன்வெர்ட்டர் இதற்குப் பொருத்தம். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் நொடி நேர உச்ச அளவு. தொடர்ந்து தரும் அளவு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். கன்வெர்ட்டர் சூடாகும். சீட்டுக்கு அடியில் போர்வைக்கு நடுவே திணிக்காமல், காற்றுப் படும் இரும்புத் தகட்டில் பொருத்த வேண்டும்.

பேட்டரியைவிட எனக்குப் பெரிய கவலை பியூஸ். "ஆம்ப்ளிபையரிலேயே பியூஸ் இருக்கிறதே" என்பார்கள். அது ஆம்ப்ளிபையரைக் காப்பாற்றும். அதுவரை வருகிற ஒயரைக் காப்பாற்றாது. பேட்டரிப் பெட்டி வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் இருக்கிறது, ஆம்ப்ளிபையர் கேபினுக்குள் இருக்கிறது. இடையில் ஒயர் இரும்பு விளிம்புகளைக் கடந்து வர வேண்டும். கேபினைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அது வளைகிறது, உரசுகிறது. ஒரு நாள் மேலுறை கிழிந்து செம்பு சேஸிஸைத் தொட்டால், லாரி பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த மெல்லிய ஒயரில் தள்ளும். சில நொடியில் ஒயர் சிவந்துவிடும். பலர் அந்த ஒயரை பிரேக்குக்குப் போகும் நைலான் ஏர் பைப்போடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். பைப் உருகினால் ஏர் இறங்கும். ஓடுகிற வண்டியில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பேட்டரி முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் பியூஸ் இருந்தே ஆக வேண்டும். நான் சொன்ன கன்வெர்ட்டருக்கு 24 வோல்ட் பக்கம் 15 ஆம்பியர் பியூஸும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் போதும். சுருள் குழாய் உறை போட்டு, ஏர் பைப்பையும் டீசல் லைனையும் விட்டு விலக்கிக் கட்டுங்கள். பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதில் கம்பி சுற்றுவது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் இன்னொரு எச்சரிக்கை. பியூஸ் பாக்ஸில் கைக்கு அகப்பட்ட இடத்தில் மின்சாரம் எடுக்காதீர்கள். அது இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகும் வழியாக இருக்கலாம். நேராகப் பேட்டரியிலிருந்து தனி ஒயர்தான் நல்லது. ஆம்ப்ளிபையரை எழுப்பும் ரிமோட் ஒயரையும் மீட்டர் வைத்துப் பாருங்கள். வண்டியோடு வந்த 24 வோல்ட் ரேடியோவின் ஒயரை அப்படியே இணைத்து ஆம்ப்ளிபையரைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. ரேடியோவின் ஸ்பீக்கர் மைனஸ் ஒயரை எர்த்தில் கொடுப்பதும் ஆகாது. இப்போதைய செட்களில் அது எர்த் அல்ல, கொடுத்தால் உள்ளிருக்கும் ஐசி எரிந்துவிடும்.

கதவு வேலையில் அவசரம் கூடாது. கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு ஆழத்தை அளந்த பிறகுதான் ஸ்பீக்கரை வாங்க வேண்டும். கதவுக்கும் கேபினுக்கும் இடையே ஒயர் ரப்பர் குழாய்க்குள்தான் போக வேண்டும்; ஓட்டை போட்டால் ரப்பர் வளையம் கட்டாயம். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிட்டால் மழைத் தண்ணீர் நேராக ஸ்பீக்கரில் இறங்கும். பிளஸ், மைனஸ் சந்தேகமாக இருந்தால் 1.5 வோல்ட் பென்சில் செல்லை ஸ்பீக்கரில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒரு கதவில் மாற்றிக் கொடுத்துவிட்டால் பாஸ், அதாவது அடித்தொனி, காணாமல் போகும், டிரைவர் சத்தத்தை இன்னும் கூட்டுவார்.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்டால் காதுக்கு ஆபத்து என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நயோஷ் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் அது கால் மணி நேரம்தான். கேபினில் இன்ஜின் இரைச்சல் ஏற்கெனவே இருக்கிறது. பின்னால் ஆம்புலன்ஸ் வருவதும், ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் கத்துவதும் கேட்க வேண்டும். ஆம்ப்ளிபையர் போடுவது அதே சத்தம் உடையாமல் தெளிவாகக் கேட்பதற்காக. அதனால் ஆம்ப்ளிபையரில் ஒலிப் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயினைக் குறைத்தே வைத்துக் கொடுக்கிறேன்.

ஏற்கெனவே நடுவில் ஒயர் எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா? இன்றே இன்ஜினை ஓடவிட்டு இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் அந்த ஒயரைக் கழற்றுங்கள். பேட்டரிகளைப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். அதன் பிறகும் ஒன்று தேறாவிட்டால் அதை மட்டும் மாற்றாமல் இரண்டையும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே மாத உற்பத்தியாகப் பார்த்து வாங்குங்கள். கன்வெர்ட்டரைப் பொருத்திய பிறகுதான் அவற்றை வண்டியில் ஏற்ற வேண்டும்.